மூளைக்குக் குருதி செல்லும் வழிகள்

மனிதவுடலின் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, ஓய்வுநிலையில் இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைப் பெறுகின்றது. அதனைக் கொணர்வன நான்கு நாடிகளாம். கழுத்தின் முன்புறத்தே இருமருங்கும் ஏறுவன இரண்டு. கழுத்தெலும்புகளின் துவாரங்களினூடாக ஏறும் முள்ளெலும்பு நாடிகள் இரண்டு. மூளையின் அடியில் இவற்றின் கிளைகள் சிறு நாடிகளால் இணைந்து ஒரு வளையமாகின்றன. அவ்வளையம் ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ் பெயரால் வழங்குகின்றது. 1664 இல் வெளிவந்த அவரது நூலுக்குப் படம் வரைந்து உதவியவர், பின்னர் இலண்டனிற் சென் போல் பேராலயத்தை அமைத்த கிறித்தோபர் றென் என்பது பலர் அறியாதது.

வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் உடலை வில்லிஸ் அறுத்து ஆராய்ந்தபோது, வலது கழுத்து நாடி கபாலத்தினுள்ளே கல்போல் இறுகி அடைபட்டிருக்கக் கண்டார். ஆயினும் அம்மனிதரைப் பாரிசவாதம் பற்றியதில்லை. அதே பக்கத்து முள்ளெலும்பு நாடி மும்மடங்கு பருத்து, அடைபட்ட வழியின் வேலையையும் தானே செய்திருந்தது. வளையத்தின் பயன் இதனால் விளங்கிற்று.

நூற்படங்களிற் காணும் இவ்வளையம் எல்லாரிடத்தும் அவ்வண்ணமே அமைந்திருக்குமென மாணவர் எண்ணுவர். அது தவறு. குறையற்ற வளையமுடையோர் பாதிப்பேரினுங் குறைவென்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. இணைப்பு நாடியொன்று இழைபோல் மெலிந்திருத்தல் மிகச் சாதாரணம். அதனைக் குறையென்று கூறுதலே பொருந்துமோ என்பது ஐயம்.

மெய்யாகவே அரியன வேறுள. கருவின் நான்காம் வாரமளவில், முள்ளெலும்பு நாடிகள் உருவாகுமுன், கழுத்து நாடியினின்று சில குறுக்கு நாடிகள் மூளையின் பின்பாகத்துக்குக் குருதி கொணரும். சின்னாளில் அவை மறையும். ஆயிரவருள் ஒருவர் முதல் அறுவர் வரையிலானோரிடத்து, முகத்தின் முக்கிளை நரம்பினருகே செல்லும் குறுக்கு நாடி மறையாது நிலைத்துவிடுகின்றது. 1844 இல் குவெயின் இதனைச் சடலமொன்றிற் கண்டு விவரித்தார். 1927 இல் லிஸ்பனில் எகாஸ் மொனிஸ் மூளை நாடிகளை எக்ஸ்கதிரிற் படம்பிடிக்கும் முறையைக் கண்டபின்னரே உயிருள்ளோரிடத்தும் இதனை அறிய வழி பிறந்தது. இந்நாடியுடையோர் பெரும்பாலும் அதனை அறியாமலே வாழ்ந்து முடிப்பர். ஆனால் சிலரிடத்து இது கபச்சுரப்பி அமர்ந்துள்ள எலும்புக் குழியினூடாகச் செல்லும். அதனை முன்னறியாது மூக்கின் வழியே அச்சுரப்பியிற் சத்திரசிகிச்சை செய்யப் புகின், கத்தி பட்ட கணமே உயிருக்கு ஆபத்தாகும்.

1973 இல் பிரெஞ்சு அறிஞர் பேர்ஷரோன் விவரித்தது இன்னொன்று. விழிப்பைக் காக்கும் தலமஸ் என்னும் பகுதி மூளையின் இருபுறமும் உண்டு. பொதுவாக இரண்டின் உட்பாகத்துக்கும் வெவ்வேறு நாடிகள் செல்லும். சிலரிடத்து ஒரே நாடி கிளைத்து இரண்டையும் ஊட்டும். அது அடைபடின் இருபுறமும் ஒருங்கே கெட, கைகால் முடங்காமலே நோயாளி எழுப்பவொண்ணாத உறக்கத்தில் ஆழக்கூடும். முதலில் எடுக்கும் சீற்றி படத்தில் எதுவுந் தோன்றாதிருத்தலும் உண்டு. நஞ்சோ, மயக்கமருந்தோ என வைத்தியர் தேடும்போது நேரங் கழிகின்றது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தோ பொதுவாக முதல் நாலரை மணித்தியாலத்துள் ஏற்றப்படவேண்டியது.