தலைமேல் தொங்கும் படவீழ்த்தி

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணியைக் கட்டி, இருட்டும்வரை காத்திருந்து, புல்தரையில் அமர்ந்து படம் பார்த்த தலைமுறை ஒன்று மலாயாவில் இருந்தது. 1946-ஆம் ஆண்டில் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் வண்டியேறித் தோட்டங்களையும் கம்பங்களையும் தேடி வந்தன. அன்று படம் காட்டும் கருவி மேசைமீது நின்றது. அதன் எடையைத் தரை தாங்கிற்று. அதைப்பற்றி எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

இன்று அதே கருவி உருவத்திற் சிறுத்து வீட்டுக்குள் வந்துவிட்டது. புரொஜெக்டர் என்று நாம் வழங்கும் படவீழ்த்தியைச் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வைத்திருப்போர் பலர். கூடத்தில் இடம் குறைவு. மேசைமீது வைத்தால் குழந்தைகள் குறுக்கே நடக்கின்றனர். ஆகவே அதனைத் தலைகீழாகக் கூரையில் தொங்கவிடுகின்றனர். தரையில் நின்றது தலைமேல் ஏறிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தால் விளையும் வேறுபாடு சிறிதன்று. சுவரில் படம் மாட்டிய பழக்கத்தைக் கொண்டே கூரையிலும் கருவியை மாட்டிவிடலாம் என்று எண்ணுவது பிழை. அது ஏன் பிழையாகிறது, சரியான முறை யாது என்பதை இங்குக் காண்போம்.

சுண்ணக்கட்டி கற்பிக்கும் பாடம்

வகுப்பறையில் உள்ள சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்து நுனியோடு நுனி வைத்து விரல்களால் அழுத்திப் பாருங்கள், எளிதில் உடையாது. அதனையே சற்று வளைத்தால் உடனே ஒடிந்துவிடும். வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் இழுக்கப்படுகிறது. அவ்விழுப்பை அது தாங்காது. கான்கிரீட்டின் இயல்பும் இதுவே. அழுத்தத்தைத் தாங்குவதில் அது மலை. இழுப்பைத் தாங்குவதிலோ அவ்வாறன்று. அதன் இழுவிசைத் திறன் அமுக்கவிசைத் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அக்குறையை நிரப்புவதற்காகவே அதனுள் எஃகுக் கம்பிகளை வைக்கின்றனர்.

மாடிவீட்டுத் தளம் தன் எடையாலும் தன்மேல் உள்ளவற்றின் எடையாலும் நடுவில் கீழ்நோக்கி வளைய முயல்கிறது. அப்போது தளத்தின் மேற்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. ஆதலின் கூடத்தின் நடுப்பகுதியில் கம்பிகள் தளத்தின் அடிப்புறத்தை ஒட்டியே ஓடுகின்றன. நாம் அண்ணாந்து பார்க்கும் பூச்சுக்கு மேலே, சில சென்டிமீட்டர் உயரத்திலேயே அவை இருக்கக்கூடும். நாம் துளையிட விரும்பும் இடமும் அதுவே.

சுவருக்கும் கூரைக்கும் வேறுபாடு

சுவரில் அறைந்த ஆணியின்மேல் படம் தொங்கும்போது அப்படத்தின் எடை ஆணியை வெட்டும் திசையில் கீழ்நோக்கி அழுத்துகிறது. சுவரிலிருந்து நேரே பிடுங்குவதில்லை. துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக் சற்றுத் தளர்ந்திருந்தாலும் பல்லாண்டு நிற்கும். கூரையில் அவ்வாறன்று. அங்கு எடை முழுவதும் ஆணியை அதன் துளையிலிருந்து நேரே வெளியே இழுக்கிறது. இரவும் பகலும் இழுக்கிறது. ஒரு நொடியும் ஓய்வதில்லை.

பிளாஸ்டிக்குக்கும் பிசின் வகைகளுக்கும் ஓர் இயல்பு உண்டு. திடீரென இழுத்தால் தாங்கும். இடைவிடாது இழுத்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக நெகிழ்ந்து கொடுக்கும். இதனை ஊர்வு என்பர். மாட்டிய அன்று அசையாமல் இருந்ததே என்பது ஓராண்டுக்குப் பின்னும் அசையாது என்பதற்குச் சான்று ஆகாது.

இவ்வுண்மையை உலகம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது. 2006-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலை ஒன்றில், கூரையில் தொங்கிய கான்கிரீட் பலகைகள் ஒரு காரின்மேல் விழுந்தன. அதில் சென்ற ஒரு பெண் உயிரிழந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் பிசினால் ஒட்டப்பட்டவை. அப்பிசின் இடைவிடாத இழுப்பில் ஊர்ந்து போயிற்று என்பதே ஆய்வின் முடிவு. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஜப்பானில் உள்ள சசாகோ சுரங்கத்தில் உட்கூரைப் பலகைகள் 100 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சரிந்து ஒன்பது பேர் மாண்டனர். அச்சுரங்கம் திறக்கப்பட்டது 1977-இல். முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றது ஒரு நாளில் வீழ்ந்தது. வீட்டுப் படவீழ்த்தியின் எடை இவற்றின்முன் தூசு போன்றது. ஆயினும் விதி ஒன்றே. அதன் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பதும் குழந்தைகளே.

இடத்தைத் தேர்தல்

எங்கே துளையிடுவது என்பதைக் கணக்குச் சொல்லும். ஒவ்வொரு படவீழ்த்திக்கும் வீச்சு விகிதம் என்று ஓர் எண் உண்டு. கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது அது. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள அகலத் திரைப் படத்தின் அகலம் ஏறத்தாழ 221 சென்டிமீட்டர். கருவியின் வீச்சு விகிதம் 1.5 ஆனால் தொலைவு 221 பெருக்கல் 1.5, அதாவது ஏறத்தாழ 3.3 மீட்டர். அளவு நாடாவைக்கொண்டு அத்தொலைவைக் குறித்த பின்னரே ஏணியை எடுத்தல் வேண்டும். கருவி திரையின் நடுவுக்கு நேராகவும் அமைய வேண்டும். சாய்வாக வைத்துவிட்டுக் கருவியின் திருத்த வசதியால் படத்தைச் சதுரமாக்கலாம். ஆனால் அதனால் படத்தின் நுண்மை குறையும்.

அடுத்து, கூரையை நன்கு ஆராய்தல் வேண்டும். பழைய அடுக்குமாடிகளில் பூச்சு உப்பியும் பழுப்புக் கறை படிந்தும் இருப்பதைக் காணலாம். காற்றிலுள்ள கரியமில வாயு பல்லாண்டுகளில் கான்கிரீட்டினுள் ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. காரத்தின் காப்பை இழந்த கம்பி துருப்பிடிக்கிறது. துரு பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஒரு மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற ஓசை கேட்டால் அங்குத் துளையிடலாகாது. முதலில் பழுது பார்க்க வேண்டும். அழகுக்காக அமைத்த பொய்க்கூரைப் பலகையிலும் எடையை ஏற்றலாகாது. அதற்கு மேலுள்ள உண்மைத் தளத்தையே நாடவேண்டும்.

விளக்குக்குச் செல்லும் மின்கம்பிக் குழாய்கள் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்து ஓடுவதுண்டு. ஆகவே கம்பி கண்டறியும் கருவியால் முதலில் தேடிப் பார்த்து, விளக்குப் புள்ளியினின்று விலகியே துளையிட வேண்டும். சில கட்டடங்களின் தளத்தில், முறுக்கி இழுத்து இறுக்கிய எஃகு வடங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை அறுத்துவிட்டால் தளத்தின் வலிமையே கெடும். அத்தகைய கட்டடத்தில் நிர்வாகத்தைக் கேட்டறியாமல் துளைக்கருவியைத் தொடலாகாது.

துளையும் ஆணியும்

தேவையானவை சுத்தியல் அடியோடு சுழலும் டிரில், கான்கிரீட்டுக்குரிய கடின முனை, கண்ணாடி, முகமூடி, ரசமட்டம், உறுதியான ஏணி ஆகியவை. மாட்டுச் சட்டத்துடன் பிளாஸ்டிக் பிளக்குகளே வந்திருப்பின் அவற்றை ஒதுக்கிவிட்டு, உலோக விரிவாணிகளை வாங்குக. போல்ட்டை முறுக்கும்போதோ உள்முனையைத் தட்டும்போதோ இவை துளைக்குள் விரிந்து கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குரியவை பெரும்பாலும் வீட்டுக் கருவிக்குப் போதும். துளையின் விட்டமும் ஆழமும் ஆணிப் பெட்டியில் அச்சிட்டபடியே இருத்தல் வேண்டும். ஆழத்தைக் கான்கிரீட்டிலிருந்து அளக்கவேண்டும். பூச்சின் பருமனைச் சேர்த்தல் ஆகாது. எத்தனை முறை சொன்னாலும் தகும் இன்னொன்று, துளையில் உள்ள தூளை ஊதியும் தூரிகையால் துடைத்தும் நீக்குதல். தூள் இருந்தால் ஆணி கான்கிரீட்டைக் கவ்வாமல் மாவைக் கவ்வும்.

முனை சட்டென நின்று உலோக ஓசை எழுந்தால் கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். வலிந்து துளைக்க வேண்டாம். அத்துளையைச் சுருங்காத சாந்தால் அடைத்துவிட்டு, துளை ஆழத்தின் இரு மடங்கு தொலைவேனும் தள்ளி வேறு துளை இடுக. ஆணி பிடுங்கிக்கொண்டு வரும்போது தனியே வருவதில்லை. கூம்பு வடிவில் கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடுத்தடுத்துத் துளைகள் இருப்பின் அக்கூம்புகள் ஒன்றோடொன்று கலந்து வலிமை குன்றும் என்பதே இதன் காரணம்.

தொங்கும் தண்டு நீளமாக இருந்தால் ஆபத்தும் நீளும். கருவி மூன்றரைக் கிலோ, சட்டம் ஒன்றரைக் கிலோ, ஆக ஐந்து கிலோ எனக் கொள்வோம். தண்டின் நீளம் 60 சென்டிமீட்டர். கருவியைத் திருத்தும் கை ஒன்று அதனைப் பக்கவாட்டில் 2 கிலோ அளவுக்குத் தள்ளினால், 12 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள ஆணிகளில் ஒரு பக்கத்தவற்றின்மேல் 60 பெருக்கல் 2 வகுத்தல் 12, அதாவது 10 கிலோ இழுப்புக் கூடுகிறது. கருவியின் முழு எடையைப்போல் இருமடங்கு! ஆதலால் தண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நன்று.

சட்டத்தைப் பூட்டியவுடன் கருவியை மாட்டிவிடலாகாது. பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் இரண்டினைக் கயிற்றால் கட்டி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஓரிரவு தொங்கவிடுக. அது நான்கு மடங்கு எடை. ஆணி அசைந்தால் வேலையில் குறை உள்ளது என்று அறியலாம். ஆனால் இச்சோதனை ஊர்வைக் காட்டாது. அதற்கு மருந்து உலோக ஆணியும் ஆண்டுக்கு ஒருமுறை முறுக்கிப் பார்த்தலுமே. கருவியிலிருந்து வேறோர் ஆணிக்கு மெல்லிய எஃகு வடம் ஒன்றைக் கட்டிவைப்பதும் அறிவுடைமை. ஒன்று தவறினும் மற்றொன்று பிடிக்கும். புதிய மின்புள்ளி வேண்டுமாயின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கவேண்டும்.

நம் கூரை, அவர் தரை

நமக்குக் கூரையாய் இருப்பது மேல்வீட்டாருக்குத் தரை. இங்கு எழும் டிரில் ஓசை கான்கிரீட் வழியே பல வீடுகளுக்குப் பரவும். இரவுப்பணி முடித்து உறங்குவோரும் கைக்குழந்தையரும் அங்கு இருப்பர். ஓசை மிகுந்த சீரமைப்புப் பணிகளைச் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் செய்யலாகாது என்பது சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதி. நான்கு துளைகளுக்குச் சில நிமிடங்களே ஆகும் எனினும், வாரநாளின் பகற்பொழுதைத் தேர்ந்து, அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவைப்பது பண்பு. வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவு வேண்டும். இசைவு கிட்டாவிடின் சுவரருகே மேசைமீது வைக்கும் குறுவீச்சுக் கருவிகளும் உள்ளன, துளையே வேண்டாம்.

திடலில் படம் பார்த்தவர்கள் தலைக்குமேல் வானம் இருந்தது. அது விழும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்ததில்லை. வீட்டுக் கூடத்தில் படுத்தவாறே படம் பார்க்கும் குழந்தைக்கும் அந்த அச்சம் இல்லை. பெரியவர்கள் சரியாகச் செய்திருப்பார்கள் என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கையைத் தாங்கிநிற்பவை நான்கு ஆணிகள்.