கழற்றி மாட்டினாலும் குறி மாறாமல் இருக்க

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் வடக்கே போகும் லோக்கல் ரயிலில் ஏறினால், பாரக்பூர் தாண்டியதும் இச்சாபூர் வந்துவிடும். ஹூக்ளி ஆற்றங்கரை ஊர். 1904 முதல் அங்கே ரைஃபிள் தொழிற்சாலை இயங்குகிறது. பழைய என்.சி.சி.காரர்கள் தோளில் சுமந்த .303-களில் பல அங்கே பிறந்தவைதான். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உடல்வாகில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 ரைஃபிளும் அங்கிருந்தே வந்தது.

லீ-என்ஃபீல்டு என்ற இந்த ரைஃபிள் குடும்பத்தின் மேல் ஒரு தொலைநோக்கிக் குறியைப் பொருத்தச் சொன்னால் எந்த வடிவமைப்பாளரும் முதலில் தலையைச் சொறிவார். காரணம், ரைஃபிளின் முதுகு காலியாக இல்லை. ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டுப் பட்டையில் கோத்து, மேலிருந்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுவதுதான் இதில் தோட்டா நிரப்பும் முறை. அந்தப் பட்டையை நிறுத்துவதற்கென்றே போல்ட்டுக்கு மேலே குறுக்காக ஒரு பாலம் உண்டு. தொலைநோக்கி உட்கார வேண்டிய இடமும் தோட்டா இறங்க வேண்டிய இடமும் ஒன்றாகிவிட்டன.

முதல் உலகப் போரில் இதற்குக் கண்ட வழி, தொலைநோக்கியை இடப்பக்கம் தள்ளி வைப்பது. மேல்வழி திறந்திருந்தது, ஆனால் சுடுபவர் கன்னத்தைக் கட்டையில் பதிக்க முடியாமல் தலையை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. கணக்கும் உதைத்தது. பார்வைக் கோடு குழலிலிருந்து 40 மி.மீ. இடப்பக்கம் விலகியிருக்கிறது என்று வையுங்கள். 200 மீட்டரில் குண்டும் பார்வையும் சந்திக்கும்படி சரிசெய்தால், 100 மீட்டரில் குண்டு 20 மி.மீ. வலப்பக்கம் விழும். 400 மீட்டரில் 40 மி.மீ. இடப்பக்கம் போய்விடும். தூரம் மாறினால் பக்கமும் மாறும்.

இரண்டாம் உலகப் போரில் வந்த நம்பர் 4 (டி) ரைஃபிள் வேறு முடிவை எடுத்தது. இந்தியப் படையின் கைக்கும் வந்த துப்பாக்கி அது. நன்றாகக் குறி தவறாமல் சுட்ட ரைஃபிள்களாகப் பார்த்துப் பொறுக்கி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற லண்டன் துப்பாக்கிக் கம்பெனியிடம் மாற்றியமைக்கக் கொடுத்தார்கள். அவர்கள் உடலின் இடப்பக்கச் சுவரில் இரண்டு எஃகுத் திட்டுகளைப் பதித்தார்கள். அவற்றின் மேல் ஒரு வார்ப்புச் சட்டம் வந்து அமரும், இரண்டு பெரிய கைத்திருகுகள் அதைப் பிடிக்கும். சட்டம் பக்கத்திலிருந்து எழுந்து வளைந்து, தொலைநோக்கியைக் குழலுக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தியது. பக்க விலகல் தொலைந்தது. பதிலுக்குப் பட்டையில் தோட்டா நிரப்பும் வசதி போனது, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். பார்வை உயர்ந்துவிட்டதால் கன்னத்துக்கு ஒரு மரத்துண்டைக் கட்டையில் திருகினார்கள். சரியான பேரம் என்றே எனக்குப் படுகிறது. மறைந்திருந்து ஒரு குண்டு சுடுபவனுக்கு, ஐந்தை ஒரே மூச்சில் நிரப்பும் அவசரம் குறைவு.

அந்த ரைஃபிளில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தின் மேல் ரைஃபிளின் எண் பொறித்திருக்கும். கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண் பொறித்திருக்கும். இது அதற்கு, அது இதற்கு. கழற்றி மாட்டலாம், ஆனால் ஒன்றின் சட்டத்தை இன்னொன்றில் மாட்டினால் குறி சேராது. அந்தக் காலத்தில் எல்லாத் திட்டுகளையும் ஒரே அளவில் கடைவதைவிட, ஒவ்வொரு ஜோடியையும் கையால் ஒத்துப்போகச் செய்து எண் போட்டுவிடுவது எளிதாக இருந்தது.

ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கலாம். கண்ணாடி உடைந்தால், பனி படிந்தால், துப்பாக்கியில் ஏற்கெனவே இருக்கும் முன்குறியும் பின்குறியும் கைகொடுக்க வேண்டும். பயணத்தில் தொலைநோக்கி தனிப் பெட்டியில் போனால் அடிபடாது. கொல்கத்தாவில் இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது அந்த ஊர்க் கேமராக்காரர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை. கண்ணாடிக்குச் சிலிக்கா ஜெல் போட்ட உலர்ந்த பெட்டி வேண்டும், எஃகுக்கு எண்ணெய் வேண்டும். இரண்டையும் தனித்தனியே வைப்பதே நல்லது. தொலைநோக்கி இல்லாவிட்டால் குறி பார்க்கவே முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கிக்கு அனுமதியே கிடையாது. கொல்கத்தாவின் ஜோய்தீப் கர்மாகர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் நான்காம் இடம் பிடித்தது துளைக்குறியை வைத்துத்தான்.

இனி சிக்கலின் அளவைப் பார்ப்போம். தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்துக்கு, அதாவது மவுன்ட்டுக்கு, முன்னும் பின்னும் இரண்டு பிடிகள், நடுவே 100 மி.மீ. இடைவெளி. கழற்றி மாட்டும்போது பின்பிடி மட்டும் 0.03 மி.மீ. தள்ளி அமர்ந்துவிட்டது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனால் 100 மீட்டர் தொலைவில் அது ஆயிரம் மடங்காகிறது, குண்டு 30 மி.மீ. விலகும். 300 மீட்டரில் 90 மி.மீ. ஒரு முடி அளவுக்கே தள்ளி அமர்ந்தால், 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் போய்விடும். பிடிகளுக்கு இடையே தூரம் கூடினால் இந்தப் பிழை குறையும் என்பதால்தான் நல்ல மவுன்ட்டுகள் பிடிகளை முடிந்தவரை அகட்டி வைக்கின்றன.

பலர் இதைக் கேட்டதும் இன்னும் இறுக்கமாக முடுக்கினால் போதும் என்பார்கள். போதாது. இறுக்கம் என்பது அமர்ந்த இடத்தில் பிடித்து வைப்பது. எங்கே அமர வேண்டும் என்று சொல்லும் வேலை வடிவத்தினுடையது. ஒரு பொருள் வெளியில் ஆறு வகையாக நகர முடியும்: முன்பின், இடம்வலம், மேல்கீழ் என மூன்று நகர்வு, அந்த மூன்று அச்சிலும் மூன்று திருப்பம். ஆறையும் தடுக்க ஆறு தொடுபுள்ளிகள் வேண்டும். ஐந்து இருந்தால் ஆட்டம் மிச்சமிருக்கும். ஏழு இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு தடவையும் எந்த ஆறு ஜெயிக்கும் என்று தெரியாது. நாலு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் இப்படியும் அப்படியும் ஆடும், முக்காலி எந்தத் தரையிலும் ஒரே மாதிரி நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஹவுராவில் பெலிலியஸ் சாலைப் பக்கம் லேத் பட்டறைகள் நிறைய. அங்கேயோ கோயம்புத்தூரிலோ ஜிக் செய்யும் எந்த ஃபிட்டருக்கும் இது கைப்பழக்கம். ஒரு தகட்டை எடுத்து வைத்து மறுபடி அதே இடத்தில் பொருத்த இரண்டு ஊசிகள் வைப்பார். இரண்டையும் உருண்டையாக வைக்க மாட்டார். ஒன்று முழு உருண்டை. மற்றதன் இரு பக்கத்தையும் சீவி மெலிதாக்கிவிடுவார். முதல் ஊசி இடத்தைப் பிடிக்கிறது, இரண்டாவது திரும்பாமல் மட்டும் தடுக்கிறது. இரண்டுமே உருண்டையாக இருந்தால் துளைகளின் இடைவெளியில் கொஞ்சம் பிசகினாலும் தகடு முட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியலால் தட்ட வேண்டும். கழற்றும் மவுன்ட்டும் அப்படித்தான். ஒரு பிடி எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும், மற்றது கோணத்தை மட்டும் கவனித்துக்கொண்டு நீளவாக்கில் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த விட்டுக்கொடுத்தல் வெயிலுக்கும் உதவும். அலுமினியம் எஃகைவிட இரண்டு மடங்கு வேகமாக விரியும். அலுமினியச் சட்டம், எஃகு உடல், 100 மி.மீ. இடைவெளி, 30 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் வித்தியாசம் மறுபடி அதே 0.03 மி.மீ. இரு முனையும் இறுகக் கட்டப்பட்டிருந்தால் சட்டம் வளையும்.

தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தும் வித்தை கொல்கத்தாவுக்கு ரைஃபிளைவிடப் பழையது. நில அளவைக் கருவிகளுக்காக 1830-ல் அங்கே கணிதக் கருவிகள் அலுவலகம் ஏற்பட்டது. அதன் வழிவந்ததே யாதவ்பூரில் இருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 2009-ல் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. அந்தத் தொடக்க காலத்தில் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் அளவைக் கருவிகளைப் பராமரித்தவர்களில் ஒருவர் நம் ஆற்காட்டிலிருந்து போன சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். ஹென்றி பாரோ என்ற ஆங்கிலேயருக்குப் பின் 1843-ல் அந்தப் பொறுப்பே அவரிடம் வந்தது. கருவியை மலைக்கு மலை தூக்கிப் போய்க் கழற்றி மாட்டுவதுதான் அளவைக்காரர்களின் பிழைப்பு. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் சுவரில் மோதி வட்டத்தகடு கோணிக்கொண்டது. அளவையை நடத்திய லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். இன்றும் தியோடலைட்டின் அடியில் பாருங்கள், மூன்று கால் திருகுகள்தான் இருக்கும்.

ஆனால் தியோடலைட்டை யாரும் உதைப்பதில்லை. ரைஃபிள் ஒவ்வொரு சூட்டிலும் உதைக்கும். தொலைநோக்கியோடு சுமார் ஐந்து கிலோ எடையுள்ள .303 ரைஃபிள், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள், ஒன்றரை மில்லி விநாடி அளவுக்குள், பின்னோக்கி விநாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தை எட்டுகிறது. கணக்குப் போட்டால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல் நூறு மடங்குக்கு மேல். நம்பர் 4 (டி)யின் தொலைநோக்கியும் சட்டமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த நொடியில் அது நூறு கிலோ மூட்டைபோல முன்பக்கம் தள்ளும். ரைஃபிள் பின்னே போகிறது, தொலைநோக்கி இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, ஆகவே ரைஃபிளைப் பொறுத்தவரை அது முன்னே வழுக்குகிறது. இந்தத் தள்ளலைத் திருகின் உராய்வை நம்பி விடக்கூடாது. முன்பக்கம் ஒரு எஃகுத் தோள் வேண்டும், மவுன்ட் அதில் முட்டி நிற்க வேண்டும்.

இப்போது எங்கும் காணும் பிகாட்டினி ரயில் இதைத்தான் எளிமையாகச் செய்கிறது. 1995-ல் அமெரிக்கப் படை தரப்படுத்திய சாய்வு விளிம்புப் பட்டை அது. 10 மி.மீ.க்கு ஒரு குறுக்குப் பள்ளம், ஒவ்வொன்றும் 5 மி.மீ.க்குச் சற்று அதிக அகலம். மவுன்ட்டின் அடிக்கட்டை அந்தப் பள்ளத்தில் இறங்கும். பள்ளம் கட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இறங்காது. அந்தக் கொஞ்சத்தில்தான் குறி தப்புகிறது. அதனால் மாட்டும்போது மவுன்ட்டை முன்பக்கமாக, குழல்முனை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். பின்பக்கம் விட்டு இறுக்கினால் முதல் சூடே அதை முன்னே தள்ளிவிடும், இரண்டாவது குண்டு வேறெங்கோ போகும்.

இறுக்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கைத்திருகு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேறுபடும். வியர்த்த கை ஒரு அளவு இறுக்கும், உலர்ந்த கை இன்னொரு அளவு. எஃகும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி கண்ணுக்குத் தெரியாமல் வளையும். ஒரே நிலையில் போய் விழுந்து பூட்டிக்கொள்ளும் நெம்புகோல் வந்ததற்கு இதுவே காரணம். உள்ளே ஒரு விசித்திரம் கிடையாது, ஏற்றத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் ஒரு கேம், அதன் பின்னால் ஒரு வில் அல்லது சரிசெய்யும் நட். யார் மூடினாலும் அழுத்தம் ஒன்றே. தேய்ந்தால் நட்டை மறுபடி வைத்துக்கொள்ளலாம். கைத்திருகுதான் வேண்டுமென்றால், எப்போதும் ஒரே வரிசையில், முடிந்தால் ஒரே அளவு முறுக்கில் முடுக்கலாம். நம்பர் 4 (டி)யில் இன்னொரு பலவீனமும் இருந்தது. கழற்றும் திருகைவிட, முன் திட்டை உடலோடு பிடிக்கும் சிறு திருகுகள் தளர்ந்துவிடும். மவுன்ட்டைக் குறை சொல்லி அலுத்த பிறகுதான் அது கண்ணில் படும்.

இச்சாபூர் இன்றும் பொதுமக்களுக்கு .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் செய்கிறது, லீ-என்ஃபீல்டு உடலேதான். அதற்குத் தொலைநோக்கி வைக்க ஆசைப்படும் உரிமக்காரருக்கும் மேலே சொன்ன அதே முதுகுச் சிக்கல். பக்கச் சுவரில் துளையிட்டுத் திட்டுப் பதிப்பதுதான் உறுதியான வழி, ஆனால் சுவர் மெல்லியது, துளை ஒன்று தப்பினால் உடலே வீண். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றவும் பழுது பார்க்கவும் அதற்கான உரிமம் பெற்றவருக்கு மட்டுமே அனுமதி. தெருமுனை லேத்தில் கொடுக்கும் வேலை இல்லை இது.

கடைசியில் மவுன்ட் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழற்றி மாட்டி, மூன்று குண்டு சுட்டு, கிட்டத்தட்ட அங்கேயே விழுந்தது என்று திருப்திப்படுவது வழக்கம். அது எதையும் காட்டாது, ஏனென்றால் ரைஃபிளுக்கே ஒரு சிதறல் உண்டு, மூன்று துளைகளில் அதையும் மவுன்ட்டின் பிழையையும் பிரிக்க முடியாது. முதலில் ரைஃபிளை அசையாமல் கவ்வியில் பிடித்து, தொலைவில் ஒரு கட்டம் போட்ட தாளைத் தொலைநோக்கியில் பார்த்து, இருபது தடவை கழற்றி மாட்டி ஒவ்வொரு தடவையும் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு தோட்டாகூடச் செலவில்லை. பிறகு சுடுதளத்தில் கழற்றாமலே பத்துக் குண்டு ஒரு தாளில், ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே கழற்றி மாட்டிப் பத்துக் குண்டு இன்னொரு தாளில். இரண்டாவது தாளின் சிதறல் முதல் தாளைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் கூடுதல் மவுன்ட்டின் கணக்கு. சிதறல் ஒரே அளவு, ஆனால் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், ஏதோ ஒரு தொடுபுள்ளி முதலில் இருந்த இடத்தில் அமரவில்லை. தோளில் முட்டும் முகத்தை மசி தடவிப் பார்த்தால் எங்கே என்று தெரியும்.