127 டிகிரி காட்டும் கம்ப்யூட்டர்: பயப்பட வேண்டுமா?

சென்ற மே மாதம் துறையூரிலிருந்து மாமா போன் செய்தார். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்று காட்டும் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை யாரோ சொல்லி டவுன்லோடு செய்து போட்டிருக்கிறார். "மாப்ளே, ஒரு இடத்துல 127 டிகிரின்னு காட்டுது. தண்ணியே நூறுலதானே கொதிக்கும்? இது வெடிச்சிடாதா?" என்றார். பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாளாகக் கிட்டவே போகவில்லையாம்.

இதே எண்ணை உங்களில் சிலரும் பார்த்திருக்கலாம். வேறு சிலருக்கு மைனஸ் 128 என்று காட்டியிருக்கும். துறையூரில் மே மாதத்தில் மைனஸ் 128 டிகிரி! இரண்டுமே வெப்பநிலை அல்ல. மதர்போர்டில் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றை அளக்க ஒரு சிப் இருக்கிறது. பல சென்சார்களை இணைக்க அதில் இடம் உண்டு. மதர்போர்டு தயாரித்தவர் எல்லா இடங்களிலும் சென்சார் வைப்பதில்லை. காலியாக விடப்பட்ட காலில் சிப் எதையோ படித்து, தன்னால் சொல்ல முடிந்த கடைசி எண்ணைச் சொல்லிவிடுகிறது. எட்டு பிட்டில் பிளஸ், மைனஸ் இரண்டையும் எழுதினால் மைனஸ் 128-லிருந்து 127 வரைதான் எழுத முடியும். அந்த இரண்டு ஓரங்கள்தான் திரையில் வருகின்றன. மாமாவின் கம்ப்யூட்டரில் ப்ராசசர் என்ற வரிசையில் 52 டிகிரி இருந்தது. அந்த வெயிலுக்கு அது சரியான அளவுதான்.

"அப்ப தெரியலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு 127?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. கம்பிகளையும் கருவிகளையும் வைத்துப் பிழைப்பவர்கள் எல்லோரும் தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும் அதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் தவறான எண் வந்தால் இரண்டு நாள் பயத்தோடு போய்விடும். கொதிகலனில் அப்படி இல்லை.

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் பி.ஹெச்.இ.எல். நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சுருக்கமாக 'பெல்'. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு 1965-ல் உற்பத்தி தொடங்கிய இடம். அனல் மின்நிலையங்களுக்கான பெரிய கொதிகலன்கள் இங்கே உருவாகின்றன. அப்படிப்பட்ட கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவி சுமார் 540 டிகிரி சூட்டில் இருக்கும். அழுத்தமோ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். குழாய்க்கு வெளியே நிலக்கரித் தீ. காற்றோடு பறக்கும் சாம்பல் இரும்பையே தேய்த்துவிடும். விசிறிகளும் பம்புகளும் ஓடுவதால் அதிர்வு ஓயாது. இத்தனைக்கும் நடுவில் நீராவியின் சூட்டை வருடக்கணக்காக, விநாடிக்கு விநாடி, சரியாகச் சொல்ல வேண்டும். சூடு கூடினால் குழாயின் ஆயுள் குறையும், ஒரு நாள் வெடிக்கும். குறைவாகக் காட்டிக்கொண்டே இருந்தாலும் அதே கதிதான், ஏனென்றால் இன்னும் சூடு வேண்டும் என்று நினைத்துக் கட்டுப்பாட்டு இயந்திரம் சூட்டைக் கூட்டும்.

இங்கே அளப்பதற்குப் பயன்படுவது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனிகளை ஒன்றாகப் பற்றவைத்தால் போதும். அந்த நுனி சூடானால் மறுமுனைகளுக்கு நடுவே சிறிய மின்னழுத்தம் தோன்றும். இதை 1821-ல் சீபெக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கவனித்தார். தொழிற்சாலைகளில் அதிகம் பயன்படும் 'கே' வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். 540 டிகிரி என்றால் 22 மில்லிவோல்ட். டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் செல்லோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய மோட்டார்களின் கேபிள்கள் ஓடும் இடத்தில் இவ்வளவு சிறிய சமிக்ஞையைக் காப்பாற்றிக் கொண்டுவர வேண்டும். திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு காதோடு ரகசியம் பேசுவது போல!

அதற்குத்தான் இத்தனை ஏற்பாடுகள். கம்பியை நேரடியாக நீராவியில் விடுவதில்லை. தெர்மோவெல் என்ற எஃகு உறைக்குள் செருகுகிறார்கள். நீராவியை நிறுத்தாமலே கழற்றி மாற்றவும் இது உதவும். உறைக்குள் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக அடைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் காப்பு அந்தச் சூட்டில் உருகிவிடுமே! வெளியே வரும் இரண்டு கம்பிகளையும் முறுக்கி, மேலே உலோகக் கவசம் சுற்றுவார்கள். அந்தக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது வழக்கம். இரண்டு முனையிலும் செய்தால் கவசத்திலேயே மின்சாரம் ஓடத் தொடங்கித் தொந்தரவைக் கூட்டிவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தெர்மோகப்பிள் இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தை மட்டுமே சொல்லும். கருவி இருக்கும் பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் அந்த 45-ஐத் தனியாக அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். மறந்தால் 540-ஐ 495 என்று காட்டும். நடுவில் யாராவது சாதாரண செம்புக் கம்பியால் ஒட்டுப் போட்டாலும் கணக்கு கெட்டுவிடும்.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். டிரான்ஸ்மிட்டர் என்ற சிறிய கருவி இந்த மில்லிவோல்ட்டை மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. 0 முதல் 600 டிகிரி வரை அளக்கும் கருவி என்றால் 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்பியர், 600 டிகிரிக்கு 20 மில்லி ஆம்பியர். 540 டிகிரிக்கு 18.4. கம்பி எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றுதான். ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 4-லிருந்து தொடங்குகிறார்கள்? பூஜ்யம் என்பதை "கம்பி அறுந்துவிட்டது" என்று சொல்வதற்காக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். 4 என்றால் "உயிரோடு இருக்கிறேன், சூடு இல்லை". 3.6-க்குக் கீழே போனால் அதை அளவாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு எளிய யோசனை எத்தனை விபத்துகளைத் தடுத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையின் பவுடர் கோட்டிங் அடுப்புக்கு சாஃப்ட்வேர் எழுதினேன். மூன்று சென்சார்கள். 0 முதல் 250 டிகிரி. மூன்றின் சராசரி 180 ஆகும் வரை ஹீட்டர் ஓட வேண்டும். சோதனையின்போது ஒரு கம்பி இணைக்கப்படாமல் இருந்ததால் திரையில் மைனஸ் 62.5 என்று வந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, மைனஸ் வந்தால் பூஜ்யமாக்கு என ஒரு வரி சேர்த்தேன். என் புரோகிராமில் நான் செய்த மிக மோசமான அலங்காரம் அதுதான். சில வாரங்கள் கழித்து அதிர்வில் ஒரு கம்பி கழன்றது. 180, 180, 0. சராசரி 120. இன்னும் சூடு போதவில்லை என்று என் புரோகிராம் ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருந்தது. நல்லவேளையாக, அடுப்பை அமைத்த எலக்ட்ரிஷியன் கம்ப்யூட்டரை நம்பாமல் தனியாக ஒரு தெர்மோஸ்டாட்டை வைத்திருந்தார். அது மின்சாரத்தைத் துண்டித்தது. ஒரு லோடு பொருள் கருகியதோடு போனது. யாருக்கும் அடிபடவில்லை. மைனஸ் 62.5 என்பது என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் அதன் வாயை மூடினேன்.

பெரிய கொதிகலன்களில் முக்கியமான இடங்களில் மூன்று சென்சார் வைத்து, இரண்டு ஒத்துப்போனால் அதை ஏற்பது என்ற முறை வைத்திருக்கிறார்கள். சராசரி எடுப்பதைவிட இது பாதுகாப்பானது. சோதிக்கும்போதும் எல்லாம் ஒழுங்காக இருக்கையில் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஒரு பங்கு வேலைதான். மீதி நேரம் வேண்டுமென்றே கம்பியைப் பிடுங்குவார்கள். தலைகீழாக இணைப்பார்கள். கருவியைச் சூட்டறையில் வைத்து வேகவைப்பார்கள், அதிர்வு மேசையில் குலுக்குவார்கள். துப்பாக்கி போன்ற கருவியால் 8,000 வோல்ட் நிலைமின்சாரத்தை அதன் மேல் பாய்ச்சுவார்கள். மின்காந்தத் தொந்தரவைச் சோதிக்க சென்னையில் சமீர் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மையம் இருக்கிறது. இத்தனையிலும் தேறிய பிறகே கருவி கொதிகலன் பக்கம் போகும்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் இதற்கெல்லாம் பிறந்ததல்ல. சாதாரண சிப்புகள் 0 முதல் 70 டிகிரி வரை என்று உத்தரவாதம் பெற்றவை. தொழிற்சாலை வகை மைனஸ் 40 முதல் 85 வரை, ராணுவ வகை மைனஸ் 55 முதல் 125 வரை. எனவே கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தூசியைத் துடையுங்கள். உள்ளேயிருக்கும் கெபாசிட்டர்கள் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் பாதி ஆயுளை இழக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ப்ராசசர் தன்னைத் தானே அளந்து, 100 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் அணைந்துவிடும். அதனால் மாமா பயந்த மாதிரி வெடிக்காது.

ஆனால் போனை வைக்கும் முன் மாமா சாதாரணமாக ஒன்று சொன்னார்: "பெட்டியத் தொட்டா சுர்ருங்குது, அது எல்லாத்துலயும் இருக்கறதுதானே?" 127-ஐவிட எனக்கு இதுதான் பயத்தைத் தந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் தொந்தரவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்ப இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாத வீட்டில் அவை கேபினட்டைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர் என்பதோடு நிற்கும். ஆனால் என்றாவது உள்ளே ஒரு மின்கம்பி கேபினட்டைத் தொட்டால், அதைத் தரைக்குக் கொண்டுபோக வழியே இல்லை என்பதற்கு இது அடையாளம். வழி இல்லையென்றால் தொடுபவரின் உடம்புதான் வழி.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் துளைக்குக் கம்பியே கொடுக்கப்படவில்லை. இப்படி இருந்தால் சிலர் நியூட்ரலையே எர்த் துளைக்கு இணைத்துவிடுகிறார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள், நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். தெரிந்த எலக்ட்ரிஷியன் வந்து கரியும் உப்பும் போட்டு எர்த் குழி அமைத்து, சாக்கெட் வரை கம்பி இழுத்தார். மீட்டரை வைத்து லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டும் வருகிறதா என்று பார்த்தோம். பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட் ஓடும்போது மறுபடியும் ஒருமுறை பார்த்தோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றும் வேலையை அத்தை ஏற்றுக்கொண்டார்.

அந்த 127 மட்டும் இன்னும் அப்படியே காட்டுகிறது. சாஃப்ட்வேரின் அமைப்புகளில் அந்த வரியை மறைக்க வழி இருக்கிறது. மாமா வேண்டாம் என்றுவிட்டார்.