எலிக்குப் பலித்த மருந்துகள்

ஃபிரைட் ரைஸ் கடையில் வாணலிக்கு முன்னால் நின்று, "அண்ணே, அஜினோமோட்டோ போடாதீங்க" என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்த வெள்ளைத் தூள் மீது சந்தேகம் விழக் காரணமானவர்களில் ஒருவர், சமையலறைப் பக்கமே போகாத ஓர் ஆராய்ச்சியாளர். பெயர் ஜான் ஓல்னி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1969-ல், பிறந்து சில நாள்களே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்கு அவர் அதே தூளை, அதாவது மோனோசோடியம் குளூட்டமேட்டை, ஊசியில் ஏற்றினார். பிறகு மூளையை எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில் ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் நரம்பு செல்கள் உப்பிச் செத்துக் கிடந்தன.

ஊசியில் ஏற்றிய அளவு வேறு, தட்டில் விழும் சிட்டிகை வேறு என்பதால் சாப்பாட்டுச் சண்டையை இங்கேயே விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது இன்னொன்று. குளூட்டமேட் வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. நம் மூளை செல்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பப் பயன்படுத்தும் முக்கியமான ரசாயனமே அதுதான். இந்த வரியை நீங்கள் படிக்கும்போதும் உள்ளே அது சுரந்துகொண்டுதான் இருக்கிறது. துளித்துளியாகச் சுரக்கும், வேலை முடிந்ததும் உறிஞ்சப்பட்டுவிடும். மொத்தமாகக் கொட்டினால்தான் வினை. அளவுக்கு மீறிக் கிளறிவிட்டே ஒரு செல்லைக் கொன்றுவிட முடியும் என்று ஓல்னி சொன்னார். அப்போது அதற்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தொடர்பு 1980-களில் தெரியவந்தது. உடல் எடையில் இரண்டு சதவீதம்தான் மூளை. ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதில் பெரும்பகுதி சிந்தனைக்கு அல்ல, உள்ளே வரும் உப்பை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதற்கு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டி ஒரு குழாயை அடைத்ததும் இந்த இறைவை நிற்கிறது. செல் தன்னிடமிருக்கும் குளூட்டமேட்டை எல்லாம் கொட்டிவிடுகிறது. அது பக்கத்து செல்லின் வாசல்களைத் திறக்க, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் புகுந்தால், அதுவரை தூங்கிக் கிடந்த நொதிகள் விழித்துக்கொண்டு செல்லின் சொந்தப் புரதங்களையே வெட்டத் தொடங்கும். மேல் வயலின் வரப்பு உடைந்தால் கீழ் வயலும் மூழ்குவதுபோல, சேதம் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகிறது.

ஆனால் எல்லாம் ஒரே நொடியில் அழிவதில்லை. அடைப்பின் மையத்தில் இருக்கும் செல்கள் சில நிமிடங்களில் போய்விடும். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அங்கே ரத்தம் கொஞ்சம் கசிந்து வருவதால், செல்கள் வேலை செய்யாமல், ஆனால் சாகாமலும் மயங்கிக் கிடக்கும். லண்டனில் லிண்ட்சே சைமனின் குழு பபூன் குரங்குகளில் இதை அளந்து பார்த்தது. 1981-ல் இந்த வளையத்துக்கு கிரகணத்திலிருந்து ஒரு பெயர் வந்தது. பள்ளிப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்தோமே, அந்தப் புறநிழல்தான். பக்கவாத ஆராய்ச்சி முழுக்கவே இந்தப் புறநிழலைக் காப்பாற்றும் போராட்டம். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006-ல் கணக்கிட்டார். கை இழுத்துக்கொண்டவருக்குப் புறா ரத்தம் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

வாசலை அடைத்துவிட்டால் கால்சியம் வராது, செல் பிழைக்கும். யோசனை இவ்வளவு எளிமையானது. 1980-களின் நடுவில் குளூட்டமேட்டின் வாசலை அடைக்கும் மருந்துகள் வரிசையாக வந்தன. எலிகளில் சேதம் கணிசமாகக் குறைந்தது. மருந்து கம்பெனிகள் கோடிகளைக் கொட்டின. மனிதர்களுக்குக் கொடுத்தபோது கதை மாறிவிட்டது. செல்ஃபோடெல் என்ற மருந்தை வாங்கிக்கொண்ட நோயாளிகள் குழம்பினார்கள், இல்லாத உருவங்களைக் கண்டார்கள், படபடத்தார்கள். பலனோ இல்லை. மூளை பேசும் மொழியையே அடைத்தால் வேறென்ன நடக்கும்? இந்த வகை மருந்துகளே எலி மூளையின் சில செல்களில் குமிழிகளை உண்டாக்குகின்றன என்று 1989-ல் எச்சரித்தவரும் அதே ஓல்னிதான்.

மெல்போர்னைச் சேர்ந்த விக்டோரியா ஓ'காலின்ஸும் சக ஆய்வாளர்களும் 2006-ல் இந்தத் துறையின் கணக்கை மொத்தமாகப் பார்த்தார்கள். பக்கவாதத்துக்கென்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. அவற்றில் மனிதர்கள் வரை வந்தவை 114. அந்த 114-ம், விலங்கோடு நின்றுபோன மற்றவற்றைவிட ஆய்வுக்கூடத்தில் சிறப்பாகச் செயல்பட்டவை என்பதற்கு ஆதாரம் இல்லை. அதாவது, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவை மேலே வரவில்லை. யாரிடம் பணமும் ஆர்வமும் இருந்ததோ, அவர்களின் மருந்து வந்தது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

அடுத்த அடி விழ அதிக நாள் ஆகவில்லை. ஆஸ்ட்ராஜெனகா நிறுவனத்தின் என்.எக்ஸ்.ஒய்-059, அதற்கு முன்பு வந்த தோல்விகளிலிருந்து பாடம் கற்று, விலங்குகளில் நன்றாகச் சோதித்துக் கொண்டுவரப்பட்ட மருந்து என்று பேசப்பட்டது. 2006-ல் வெளியான முதல் பெரிய ஆய்வு சிறு நம்பிக்கை தந்தது. 3,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த இரண்டாவது ஆய்வில் அந்த நம்பிக்கையும் போனது. எடின்பரோவின் மால்கம் மெக்லியட் அந்த மருந்தின் எலி ஆய்வுகளைத் திரும்ப எடுத்துப் பிரித்தார். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்த ஆய்வுகளில் பலன் குறைவாக இருந்தது. அப்படிச் செய்யாத ஆய்வுகளில் பலன் பெரிதாகத் தெரிந்தது. யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எந்த எலிக்கு மருந்து என்று ஆய்வாளரே முடிவுசெய்தால், தேர்ந்தெடுக்கும் கை கொஞ்சம் சாய்ந்துவிடும், அவ்வளவுதான்.

எலிகள் விஷயமும் இருக்கிறது. ஆய்வுக்கூட எலி பெரும்பாலும் இளவயது ஆண், நோய்நொடி இல்லாதது. அடைப்பை உண்டாக்கிய சில நிமிடங்களிலேயே, சிலசமயம் அதற்கு முன்பே, மருந்து போய்விடும். நம் வார்டுக்கு வருகிறவரோ அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. காலையில் எழும்போதே வாய் கோணியிருந்ததால் எப்போது தாக்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த இருவரையும் ஒரே தராசில் வைத்ததுதான் நாற்பது ஆண்டுத் தோல்வியின் பெரும்பகுதி என்பது என் கணிப்பு.

உண்மையில் பலித்தவை மூளை செல்லைத் தொடவே இல்லை. அடைப்பை எடுத்தன, அவ்வளவே. 1995-ல் கட்டியைக் கரைக்கும் ஊசி வந்தது. முதலில் மூன்று மணி நேரம்தான் கெடு, 2008-க்குப் பிறகு அது நாலரை மணியானது. பிறகு தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியையே இழுத்தெடுக்கும் முறை வந்தது. நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் நடந்து 2015-ல் அச்சான ஆய்வில், பிறர் துணையின்றி நடமாடும் நிலைக்குத் திரும்பியவர்கள் 19 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் கூடினார்கள். ஸ்கேனில் புறநிழல் இன்னும் உயிரோடு தெரிகிறவர்களைத் தேர்ந்தெடுத்தால், 24 மணி நேரம் வரைகூட இது பலிக்கிறது என்று 2018-ல் இன்னோர் ஆய்வு காட்டியது. பிளம்பர் வேலை என்று விளையாட்டாகச் சொல்வார்கள். நுட்பமான மருந்துகள் ஆயிரம் சாதிக்காததைப் பிளம்பர் சாதித்தார்.

தலைக்காயத்தில் இழுத்தெடுக்கக் கட்டி இல்லை. கிராமத்தில் ஊமைக்காயம் என்பார்கள். வெளியே கீறல் இருக்காது, உள்ளே கன்றிப் போயிருக்கும். பைக்கிலிருந்து விழுந்தவரின் மண்டையோடு முழுசாக இருக்கும், ஆள் கண் திறக்கமாட்டார். 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சபீனா ஸ்ட்ரிச் இப்படிப்பட்ட சிலரின் மூளையை ஆராய்ந்தார். மேற்பரப்பில் பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளே செல்லையும் செல்லையும் இணைக்கும் நரம்பிழைகள் பரவலாகச் சிதைந்திருந்தன. தலை சட்டென்று சுழலும்போது மூளையின் மென்மையான பகுதிகள் ஒன்றுக்கொன்று இழுபடுகின்றன. பல இழைகள் அந்த நொடியே அறுவதில்லை, பல மணி நேரத்தில் உப்பி, பிறகு அறுகின்றன என்பது பின்னால் தெரிந்தது. இங்கும் குளூட்டமேட், கால்சியம், புரதம் வெட்டும் நொதி என்று அதே கூட்டம்தான்.

வீக்கத்தைக் குறைக்கட்டும் என்று டாக்டர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைக்காய நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்தார்கள். நல்ல எண்ணம், பார்க்க நியாயமான காரணமும்கூட. லண்டனிலிருந்து நடத்தப்பட்ட 'கிராஷ்' ஆய்வு அதைச் சோதிக்க 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 10,008 பேரோடு 2004-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. போலி மருந்து ஏற்றப்பட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 17.9 சதவீதம். ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 21.1 சதவீதம். நூறு பேருக்குக் கூடுதலாக மூன்று உயிர். முப்பது ஆண்டு, உலகம் முழுக்க என்று பெருக்கிப் பார்க்க மனம் வரவில்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் உலுக்கிய எண் இதுதான், 19 லட்சம் அல்ல.

புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மீதும் இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. மூளை அடிபட்ட பெண் எலிகள் ஆண் எலிகளைவிட நன்றாகத் தேறுவதை டொனால்ட் ஸ்டைன் கவனித்ததில் தொடங்கிய பாதை அது. 2014-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அதுவும் முடிந்துபோனது.

ஆராய்ச்சியாளர்கள் இப்போது எலியை வார்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றப் பார்க்கிறார்கள். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பண உதவியோடு 'ஸ்பான்' என்ற கூட்டணி உருவானது. ஆறு ஆய்வுக்கூடங்கள், ஒரே நடைமுறை. கிழட்டு எலி, குண்டான எலி, பிரஷர் உள்ள எலி, ஆண், பெண் எல்லாம் உண்டு. எதற்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்பது மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரியாது. 2,600-க்கும் மேற்பட்ட விலங்குகளில் ஆறு சிகிச்சைகளைப் போட்டியிடவிட்டார்கள். 2023-ல் முடிவு வந்தது. ஐந்து வெளியேறின, ஒன்று நின்றது.

நின்றது யூரிக் ஆசிட். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கூடிவிட்டால் கால் பெருவிரல் வீங்கி, பருப்பும் மட்டனும் நிறுத்தச் சொல்வார்களே, அதே யூரிக் ஆசிட். ரத்தம் திரும்பப் பாயும்போது பெருகும் தீவிரமான ஆக்சிஜன் துணுக்குகளை அது அடக்குகிறது. ஸ்பெயினில் இதை 400-க்கும் சற்று அதிகமான நோயாளிகளுக்கு ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வந்த அந்த முடிவில், பலன் உண்டு என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை பரவுவதற்கு முந்தைய காலம். அடைப்பை நீக்கிய கையோடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கான பதிலை எலி சொல்ல முடியாது.