குதிரைக்குட்டியின் முதல் நாள்

அமராவதிப் பாசனத்தில் செழிக்கும் கணியூர் எனது ஊர். நெல்லும் தென்னையும் காங்கேயம் மாடும் எங்களுக்குப் பழகியவை. குதிரையை அருமையாகவே காண்கிறோம். ஆயினும், ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாச் சந்தைக்குச் சென்றால் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளை இன்றும் காணலாம். ஒசூரில் 1824-ஆம் ஆண்டில் தோன்றிய கால்நடைப் பண்ணையும் தொடக்கத்தில் படைக்குதிரைகளுக்காக ஏற்பட்டதேயாகும். பசுவின் பேறுகாலத்தை நன்கறிந்தவர்களும் குதிரையின் பேறுகாலத்தைத் தனியே கற்றறிதல் வேண்டும் என்பதையே நான் இங்குக் கூற விரும்புகிறேன்.

பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்திற்குச் சற்று மேல். குதிரைக்கோ ஏறத்தாழ 11 மாதம். ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே மடி பருக்கும். காம்பு நுனியில் மெழுகு போன்ற துளிகள் தோன்றினால், பெரும்பாலும் சில நாட்களுக்குள் குட்டி பிறக்கும். ஆளரவம் அடங்கிய இரவு வேளையிலேயே குதிரை பெரும்பாலும் ஈனும். ஆதலின், சுத்தமான வைக்கோல் பரப்பிய விசாலமான கொட்டிலில் அதனை விட்டு, விலகி நின்று கவனித்தலே முறை.

பசு மணிக்கணக்கில் முக்கலாம். குதிரைக்கு அவ்வளவு பொழுதில்லை. பனிக்குடம் உடைந்தபின் 20 அல்லது 30 நிமிடங்களில் குட்டி வெளிவருதல் வேண்டும். தாமதமானால் மருத்துவரை அழைக்கவேண்டும். முதலில் தோன்றும் சவ்வு வெண்மையாக இருத்தல் இயல்பு. அது சிவந்த வெல்வெட்டுத் துணிபோல் வந்தால், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். குட்டிக்குப் பிராணவாயு கிட்டாது. கணமும் தாமதியாமல் சவ்வைக் கிழித்துக் குட்டி வெளிவர உதவவேண்டும்.

தொப்புள் கொடியை அவசரப்பட்டு அறுக்கலாகாது. தாயோ குட்டியோ எழும்போது அது தானே அறும். அதன் முனையைக் கிருமிநாசினியில் நனைத்தல் வேண்டும். பின்னர் மாணவர்கள் நினைவில் வைத்தற்கு எளிதான ஒரு கணக்கு உண்டு: 1 மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கவேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்கவேண்டும், 3 மணி நேரத்தில் நஞ்சு விழவேண்டும். விழாத நஞ்சைக் கையால் இழுத்தல் தாய்க்குக் கேடு. அது மருத்துவர் செய்யவேண்டிய பணி.

நஞ்சு விழும்வரை கன்றுக்குச் சீம்பால் கொடாத வழக்கம் சில வீடுகளில் உண்டு. குட்டிக்கும் கன்றுக்கும் அது தீங்கே. மனிதக் குழந்தை நோயெதிர்ப்புப் பொருள்களைக் கருவிலேயே தாயிடமிருந்து பெறுகிறது. இவை அவ்வாறு பெறுவதில்லை. சீம்பாலே இவற்றின் முதற்கவசம். அப்பொருள்களை ஏற்கும் ஆற்றல் குடலில் மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பின்னர்க் குடம் குடமாக ஊட்டினும் அக்கவசம் கிட்டாது.

ஆகவே, குட்டி பிறக்கும் இரவில் கொட்டிலருகே விளக்கோடு ஒரு கடிகாரமும் இருக்கட்டும்.