நார்ஹாம் கோட்டை, ட்வீட் நதிக்கரை
ஜே. எம். டபிள்யூ. டர்னர் (1775–1851)
தாளில் நீர்வண்ணம், சுமார் 1822–23

சூரியன் கோட்டைக்குப் பின்னால் எழுகிறது. அதனால் இடிந்த கோபுரத்தில் கல்லின் நிறமே இல்லை, முழுக்க நீலம். சுற்றியுள்ள ஒளி தாளின் வெண்மையிலிருந்து வருவது. அதன்மேல் மஞ்சள் மெல்லப் படிந்திருக்கிறது. கீழே ஆற்றில் இறங்கி நிற்கும் மாடுகளையும் பாருங்கள்.

இங்கிலாந்தின் வட எல்லையைக் காக்க டர்ஹாம் ஆயர்கள் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை இது. 1513இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸின் பீரங்கிகள் இதைத் தகர்த்தன. டர்னர் இதை முதலில் கண்டது 1797இல், தம் 22ஆம் வயதில். முதுமை வரை இதே காட்சிக்குத் திரும்பத் திரும்ப வந்தார்.

‘இங்கிலாந்தின் நதிகள்’ என்ற அச்சுப்பட வரிசைக்காகத் தீட்டிய சிறு ஓவியம் இது. ஒற்றை மையில் அச்சான படத்தில் இந்த நீலம் கிடையாது. அருகில் வந்து பாருங்கள்.