வேலைக்குப் போகிற வழியும் உடம்பைத் தின்னும்



இந்தப் பகுதியில் இதுவரை சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, எலிச்சிறுநீர்க் காய்ச்சல், பூச்சிமருந்து விஷம் என்று பலவற்றைப் பார்த்துவிட்டோம். இம்முறை ரோட்டைப் பற்றி எழுதுகிறேன். "டிரெசருக்கு ரோட்டில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். திங்கட்கிழமை காலையில் நம் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். முன்பெல்லாம் கத்தி பட்ட கை, செம்பனை முள் குத்திய கால், குளவி கொட்டிய முகம் என்றுதான் வருவார்கள். இப்போது முழங்கால் தோல் உரிந்த பையன், இடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை, "ராத்திரி தூக்கமே வரலீங்க ஐயா" என்று கண் சிவந்து நிற்கும் குடும்பத் தலைவர். வேலைக்களத்தில் இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போகிற வழியும் வருகிற வழியும்தான் இவர்களை இப்படி ஆக்கியிருக்கின்றன.

பெரட்டு முடிந்து நிரைக்கு நடந்துபோன காலத்தில் வேலைக்குப் போவது என்பது கால் மணி நேர நடை. இன்று தம்போய் வட்டாரத்தில் ஒரே வீட்டில் அப்பா செம்பனைக் காட்டுக்கும், அம்மா தம்போய்த் தொழிற்சாலைக்கும், மூத்த பையன் பாசிர் கூடாங்கிற்கும், மகள் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். 2006 ஆம் ஆண்டில் இஸ்கண்டார் மலேசியா என்று 2,217 சதுரக் கிலோமீட்டர் நிலத்தை வளர்ச்சிப் பகுதியாக அறிவித்தார்கள். கித்தாவும் செம்பனையும் நின்ற இடத்தில் தாமான்கள் வந்தன, ஆறு தட ரோடுகள் வந்தன. பஸ் மட்டும் பின்னால் மெதுவாக வந்தது, சில இடத்துக்கு வரவேயில்லை. அதனால் ஏழை வீட்டுக்குக் கிடைத்த பஸ், மோட்டார் சைக்கிள்தான்.

(தம்போய் என்றதும் சிலர் சிரித்துக்கொண்டே "அங்கே அனுப்பிடுவாங்க" என்று கேலி செய்வார்கள். பெர்மாய் மருத்துவமனை இங்கே இருப்பதால் வந்த கேலி. தம்போய் என்பது ஒரு காட்டுப் பழத்தின் பெயர். மனம் சோர்ந்தவர், மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர் அந்த மருத்துவமனைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டியவர்களுக்கு நானே கடிதம் கொடுத்து அனுப்புகிறேன்.)

முதலில் தூக்கம். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் காலை மூன்றரைக்கு எழுகிறார்கள், இரவு பத்துக்குப் படுக்கிறார்கள். இடையில் ஓ.டி. இருந்தால் அதுவும் இல்லை. 1924 இல் திறந்துவைத்த அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தை இன்று ஒரு நாளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள் என்றால், நெரிசலை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கைகால் வேகம், மது குடித்தவருடையதைப் போல் மந்தமாகிவிடுகிறது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நம் பிள்ளை, குடிகாரனின் கையோடு மோட்டார் ஓட்டுகிறான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். பாட்டுப் போடுவதும் முகத்தில் காற்று வாங்குவதும் இதற்கு மருந்தல்ல. ஷிப்ட் முடிந்ததும் தொழிற்சாலையிலேயே ஒரு கோப்பி குடித்துவிட்டு, 20 நிமிடம் தலை சாய்த்துவிட்டு, பிறகு சாவியைத் தொடுங்கள். கோப்பி வேலை செய்ய ஆரம்பிக்கவும் அவ்வளவு நேரம் ஆகும். வீட்டில் இருப்பவர்கள் "ஏன் லேட்டு?" என்று போன் போட்டு விரட்டாமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

அடுத்தது மோட்டார். நம் நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். ஏறக்குறைய மூவரில் இருவர் மோட்டார் ஓட்டியவர் அல்லது பின்னால் உட்கார்ந்து வந்தவர். தலைக்கவசம் 1973 முதல் சட்டம். நல்ல தலைக்கவசம் தலையில் படும் காயத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. ஆனால் நம் லயத்து வாசலில் தொங்குகிற பல தலைக்கவசங்கள் போலீசுக்காக மாட்டுகிற தொப்பிகள். சிரிம் முத்திரை இருக்கிறதா? தாடைப்பட்டை பூட்டுகிறதா, இல்லை நூல் கட்டி வைத்திருக்கிறீர்களா? ஒரு தடவை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உடைந்திருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள். மழை பெய்தால் மேம்பாலத்துக்கு அடியில் ரோட்டோரமாக ஒதுங்குவது நமக்குப் பழக்கம். லாரிக்காரனுக்கு மழையில் நீங்கள் தெரியமாட்டீர்கள். கூடாரம் போட்ட ஒதுங்கிடமோ பெட்ரோல் நிலையமோ வரும்வரை மெதுவாகப் போங்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். நம் வட்டாரத்துப் பையன், வயது 23. இரவு ஷிப்ட் முடிந்து வருகையில் வளைவில் மணலில் சறுக்கி விழுந்தான். எழுந்தான், வண்டியைத் தூக்கினான், வீட்டுக்கு ஓட்டியும் வந்துவிட்டான். "ஒண்ணுமில்லம்மா, சிராய்ப்புதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை வாந்தி. அம்மா பித்தம் என்று நினைத்து இஞ்சித் தண்ணி கொடுத்தார். சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை, குழறினான். அப்போதுதான் என்னிடம் ஓடி வந்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லி ஜொகூர் பாருவுக்கு அனுப்பினேன். மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். பையன் பிழைத்தான். இடக்கை மட்டும் இன்னும் முழுப் பலத்துக்கு வரவில்லை.

தலையில் அடிபட்டவர் நடக்கிறார், பேசுகிறார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் கவனியுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், குழறிய பேச்சு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, வலிப்பு, காது மூக்கில் தெளிந்த நீர் வடிதல் — இதில் ஒன்று தெரிந்தாலும் 999 கூப்பிடுங்கள். விழுந்த இடத்தில் மூச்சு நன்றாக இருந்தால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு போய்விடும்.

கதை அதோடு முடியவில்லை. பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அம்மா அவன் வேலை செய்த தொழிற்சாலைக்குப் போனார். ஆபீசில் இருந்த ஒருவர், "ரோட்டில் விழுந்தது எங்கள் கணக்கில் வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவும் நம்பிவிட்டார். நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்பியிருப்போம்.

அது தவறு. 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது நாம் சொக்சோ என்கிறோமே அந்தச் சட்டத்தில், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை விட்டு வீட்டுக்கு வரும் வழியிலும் நடக்கிற விபத்து வேலைக்கள விபத்தாகவே கணக்கிடப்படும். அனுமதிக்கப்பட்ட சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய் வருகிற வழியும் அதில் சேர்ந்தது. டாக்டர் குறைந்தது நான்கு நாள் விடுப்பு எழுதினால், அந்த நாட்களுக்குச் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். உடலில் நிரந்தரக் குறை ஏற்பட்டால் அதற்குத் தனியாக மதிப்பீடு உண்டு. இறந்துபோனால் மனைவி மக்களுக்கு உதவித்தொகை உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளத் தோழர்களுக்கும் இந்த வேலைக்கள விபத்துப் பாதுகாப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளதேசத்துக்காரருக்கும் நேப்பாளக்காரருக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. வழியை மாற்றியிருக்கக் கூடாது, இடையில் நிறுத்தி வேறு வேலை பார்த்திருக்கக் கூடாது. வேலை முடிந்து சிநேகிதன் வீட்டுக்குப் போய் அங்கிருந்து வரும்போது விழுந்தால் சண்டை வரும். ஆகையால் விழுந்த இடம், நேரம், எந்த வழியாக வந்தீர்கள் என்பது எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். உடனே போலீஸ் புகார் கொடுங்கள், சிராய்ப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முதலாளிக்கு அன்றைக்கே சொல்லுங்கள், செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்குத் தெரிவித்தாகவேண்டும். மருத்துவ விடுப்புச் சீட்டு, அன்றைய பஞ்ச் கார்டு நகல், வீட்டிலிருந்து வேலையிடம் வரைக்கும் வழியைக் காட்டும் ஒரு கைப்படம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். அந்த அம்மாவுக்குக் கிளைச் செயலாளர் கூடப் போய் இதையெல்லாம் தேடி எடுக்க ஆறு வாரம் ஆயிற்று. கடைசியில் பணம் வந்தது. முதல் நாளே புகார் இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விஷயம் வேறு. அங்குள்ள முதலாளி இங்கே சந்தா கட்டாததால் சொக்சோ தானாக வராது. அந்த நாட்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டமோ, முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் பயணிக்கும்போது நடந்த விபத்தைத்தான் பார்க்கும், சொந்த மோட்டாரில் போனதை அல்ல. உங்கள் பிள்ளை தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கிறானா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாலத்தில் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போகிறீர்கள், வந்த சிறுநீரையும் அடக்குகிறீர்கள். எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று கிளினிக்குக்கு வருகிறவர்களைக் கேட்டால் பாதிக் கதை இதுதான். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு டம்ளர், போய்ச் சேர்ந்ததும் இரண்டு டம்ளர், வழியில் எங்கே கழிவறை கிடைத்தாலும் வெட்கப்படாமல் இறங்குதல். முதுகில் குளிரோடு காய்ச்சல் வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாதீர்கள், கிளினிக்குக்கு வாருங்கள்.

பாலத்துக்குப் பதில் என்ன வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். 2015 முதல் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையில் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது, டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. அதைவிடப் பெரியது புக்கிட் சாகார் – உட்லண்ட்ஸ் நார்த் ரயில். 2020 இல் இரு நாடும் மறுபடி கையெழுத்திட்டன. 4 கிலோமீட்டர் தூரம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்கு 10,000 பேர், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே என்பது ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் புக்கிட் சாகார் வரைக்கும் எப்படிப் போவது? எல்லோரும் மோட்டாரிலும் காரிலும் போனால், பாலத்தில் இருந்த நெரிசல் ஸ்கூடாய் ரோட்டுக்கும் தம்போய்க்கும் இடம் மாறும், அவ்வளவுதான். இந்த இடைவெளிக்காகத்தான் ஸ்கூடாய், தெப்ராவ், இஸ்கண்டார் புத்ரி மூன்று திசைக்கும் தனித்தடப் பஸ் என்று திட்டம் போட்டார்கள். 2021 இல் சோதனை ஓட்டமும் நடந்தது. பிறகு தூண்மேல் ஓடும் வண்டி என்று பேச்சு மாறியது. பேச்சு மாறுகிற ஒவ்வொரு வருஷமும் நம் பிள்ளைகள் மோட்டாரில்தான் போகிறார்கள்.

ரோடு போடும்போதே யோசித்தால் உயிர் மிஞ்சும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டாருக்கென்று தனித்தடம் போட்டார்கள். பின்னர் அதை நீட்டியபோது மோட்டார் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். ஸ்கூடாய் நெடுஞ்சாலைக்கும் பாசிர் கூடாங் நெடுஞ்சாலைக்கும் அதைக் கேட்பது பேராசை அல்ல.

வேலைக்குப் போகாத பெரியவர்களையும் மறக்கக் கூடாது. பஸ் இல்லாத தோட்டத்தில் மருந்து எடுக்க சுல்தானா அமினாவுக்கோ சுல்தான் இஸ்மாயிலுக்கோ போக டாக்சிக்கு அறுபது எழுபது வெள்ளி கொடுக்க முடியாமல், மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் அது விஷத்துக்குச் சமம். அரசாங்க மருந்தகத்தில் முதல் மாத மருந்தை வாங்கும்போதே, "மிச்ச மாதத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அதற்கு ஏற்பாடு உண்டு. தபாலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. மலாயில் கேட்கத் தயங்கினால் உங்கள் மருந்துப் புத்தகத்தோடு என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

இன்னொன்று. நகர, கிராமத் திட்டச் சட்டம் 1976 இன்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்கவேண்டும். அந்த நாளில் தாமான்காரர்கள் போகிறார்கள், வீடு கட்டுகிற கம்பெனிக்காரர்கள் போகிறார்கள். தோட்டத்திலிருந்து யாரும் போவதில்லை. அடுத்த கிளைக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்து வாசலிலிருந்து மெயின் ரோட்டுப் பஸ் நிறுத்தம்வரை சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம், எத்தனை விளக்கு எரிகிறது, நடக்க ஓரம் இருக்கிறதா, நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா, காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். நம் தோட்டத்துக்கு நான் நடந்துவிட்டேன்: 34 நிமிடம், எரிகிற விளக்கு மூன்று.